33 மணி நேரத்துக்கு ஒரு ஓதம்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பலைக் குறை சொல்லாதே. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, படிக்காதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று ஏகப்பட்ட கட்டளைகள். இப்போது பார்வை தெளிந்துவிட்டது. வெள்ளை இத்தனை வெள்ளையாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நடமாடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று இரவே தூசி படிந்து கிடந்த தொலைநோக்கியைத் துடைத்து மாடிக்குத் தூக்கிப் போனேன். வீட்டில் திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டேன்.

நீ கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததில் சந்தோஷம். படி ஏறுவதில் மட்டும் வீரம் காட்டாதே.

சரி, உன் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். "நிலா இல்லாத கோளில் உயிர் இருக்க முடியாதாமே, நிஜமா தாத்தா?" முப்பது வருஷம் கப்பலில் ஓதம் பார்த்தே, அதாவது கடல் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்தே வாழ்ந்தவன் நீ. "எனக்கு ஓதம் தெரியும், உயிர் தெரியாது, வாத்தியாரைக் கேட்கிறேன்" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டாய்.

அவள் எங்கே படித்திருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. 1993இல் ழாக் லாஸ்கர் என்ற பிரெஞ்சு வானியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 பாகை சாய்ந்து நிலையாக நிற்பதற்கு நிலாவின் இழுப்பே காரணம், அது இல்லாவிட்டால் அச்சு கண்டபடி ஆடும் என்பது முடிவு. செவ்வாய்க்கு இருப்பவை இரண்டு பொடி நிலாக்கள். அதன் சாய்வு காலப்போக்கில் 0 முதல் 60 பாகை வரைகூடப் போய்வரலாம் என்று அதே கணக்கு சொன்னது. அச்சு அப்படிப் புரண்டால் துருவம் வெயிலில் காயும், நடுக்கோடு பனியில் உறையும். அங்கே எந்த உயிர் நிலைக்கும் என்ற வாதம் அதிலிருந்துதான் கிளம்பியது. 2012இல் வேறு சிலர் நீண்ட காலத்துக்குக் கணக்கை ஓட்டிப் பார்த்தார்கள். நிலா இல்லாத பூமியும் பல கோடி ஆண்டுகள் ஓரளவு அடக்கமாகவே ஆடும் என்று வந்தது. முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை. பயமுறுத்தும் கணக்குக்குத்தானே எப்போதும் கிராக்கி!

நிலா இல்லாவிட்டால் ஓதமே இருக்காது என்று அவள் நினைத்தால், அதை நீயே திருத்திவிடு. சூரியனின் பங்கு நிலாவினுடையதில் கிட்டத்தட்டப் பாதி. நிலா மட்டும் இல்லாதிருந்தால் கடல் தினமும் அதே நேரத்தில் ஏறி அதே நேரத்தில் வற்றும். வெள்ளுவா (பௌர்ணமி), காருவா (அமாவாசை) என்ற பேச்சே இருந்திருக்காது. உன் ஓத அட்டவணை வருஷம் முழுவதற்கும் ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும், உன் வேலையிலும் பாதி போயிருக்கும்.

உயிர் தொடங்கியதற்கும் ஓதத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஆதியில் நிலா மிக அருகில் இருந்தது, ஓதமும் பெரிது. கரையோரக் குட்டைகள் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தன. காயும்போது சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாயின என்கிறார்கள். எனக்குப் பிடித்த யோசனைதான், ஆனால் அது ஊகம். 1977இல் காலபகஸ் தீவுகளுக்கு அப்பால், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கடல் தரையிலிருந்து வெந்நீர் பீறிடும் வாய்களைக் கண்டார்கள். வெயில் எட்டாத அந்த இருட்டில் ஒரு கூட்டமே வாழ்ந்துகொண்டிருந்தது. பாறையும் வெந்நீரும் தருகிற ரசாயனத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள், அவற்றை அண்டிப் பிழைக்கும் குழாய்ப் புழுக்கள். அங்கே எந்தக் குட்டை காய்ந்தது?

அந்த வெந்நீர்தான் என் யோசனையை வேறு பக்கம் திருப்பியது. நிலாவை வைத்திருக்கிற கோளைத் தேடுவானேன், நிலாவிலேயே தேடினால் என்ன?

போன வாரம் வியாழனைப் பார்த்தேன். பக்கத்தில் நான்கு புள்ளிகள், அதன் பெரிய நிலாக்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்புள்ளி இடம் மாறியிருந்தது. அதுதான் அயோ. பெயரை ஒரு எழுத்து நீட்டினால் 'ஐயோ', பொருத்தம்தான். 1.77 நாளில் வியாழனை ஒரு சுற்று முடித்துவிடும். அது இரண்டு சுற்றும்போது அடுத்த நிலா யூரோப்பா ஒன்று, நான்கு சுற்றும்போது அதற்கடுத்த கனிமீட் ஒன்று. அவை ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் அயோவை இழுத்துத் தட்டிவிடுவதால் அதன் பாதை வட்டமாக அடங்குவதே இல்லை. வியாழனுக்கு அருகே போகும்போது நசுங்குகிறது, விலகும்போது தளர்கிறது. இதுவும் ஓதம்தான், ஆனால் இங்கே கடல் இல்லை, அதன் திடமான தரையே 100 மீட்டர் வரை ஏறி இறங்குகிறதாம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுமே, அந்தச் சூடுதான். 1979 மார்ச்சில் பீல், கேசன், ரெனால்ட்ஸ் என்ற மூன்று அறிவியலாளர்கள் அயோவின் உள்ளே பாறை உருகியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அது அச்சாகிச் சில நாட்களில் வாயேஜர் 1 விண்கலம் அங்கே போய்ச் சேர்ந்தது. அனுப்பிய படத்தில் எரிமலை புகைந்துகொண்டிருந்தது. அறிவியலில் இத்தனை சூட்டோடு சூடாக விடை கிடைத்த கதை எனக்கு வேறு தெரியாது.

அயோவில் உயிரைத் தேடுவது வீண். வெளியே அடுத்திருக்கும் யூரோப்பாவில் இதே பிசைதல் மிதமாக நடக்கிறது. மேலே பனி ஓடு, கீழே கடல். அந்தக் கடலில் பூமியின் கடல்கள் எல்லாம் சேர்ந்ததைப்போல இரண்டு மடங்கு நீர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் நீ பார்க்க வேண்டியது சனியின் நிலாவான என்சலடஸ். குறுக்களவு வெறும் 504 கிலோமீட்டர். என் தொலைநோக்கியில் சனியின் பெரிய நிலா டைட்டன் தெரிகிறது, இது தெரியவில்லை. இத்தனை சின்ன உருண்டை எப்போதோ உறைந்து செத்திருக்க வேண்டும். 2005இல் காசினி விண்கலம் போய்ப் பார்த்தால், தென் துருவத்துப் பிளவுகளிலிருந்து நீர்த்துளியும் பனியும் விண்வெளிக்குப் பீய்ச்சி அடிக்கின்றன. அந்தப் பீச்சலுக்குள்ளேயே கலம் புகுந்து வந்தது. உப்பு இருந்தது, கரிமச் சேர்மங்கள் இருந்தன. ஹைட்ரஜன் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். உள்ளே பாறையும் வெந்நீரும் உரசுகின்றன என்பதற்கு அது தடயம். 2023இல் உயிருக்கு வேண்டிய பாஸ்பேட்டும் சேர்ந்துகொண்டது.

இந்த இடத்தில்தான் உன்னை நினைத்தேன். என்சலடஸ் சனியைச் சுற்ற சுமார் 33 மணி நேரம். அது சனியிடமிருந்து விலகி நிற்கும் வேளையில் பிளவுகள் அகலத் திறந்து பீச்சல் பல மடங்கு கூடுகிறது. அருகே வரும்போது இறுகி அடங்குகிறது. அதுவும் கணக்கு சொல்லும் வேளைக்குச் சில மணி நேரம் பிந்தி! நிலா உச்சிக்கு வந்த பிறகும் கடல் உடனே ஏறிவிடாது, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு தாமதம் உண்டு என்று நீ அந்தக் காலத்தில் எனக்கு மணிக்கணக்காக விளக்கியது ஞாபகம் வந்தது. அதே தாமதம் ஒரு பனி நிலாவின் வெடிப்பிலும்! அந்தக் கடலுக்கு ஓத அட்டவணை போடலாம், கதிரேசா.

அதனால் பேத்தியிடம் இப்படிச் சொல். நிலா இல்லாத கோளில் உயிர் இருக்க முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சூரியக் குடும்பத்துக்கு வெளியே 6,000க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டுவிட்டார்கள். ஐயமறக் கண்ட நிலா ஒன்றுகூட இல்லை. விண்மீன்களில் பெரும்பாலானவை செங்குறு மீன்கள், அதாவது சூரியனைவிடச் சின்னதாய், மங்கலாய்ச் சிவந்திருக்கும் விண்மீன்கள். அவற்றிலிருந்து இதமான தூரத்தில் இருக்கும் கோள்களின் சுழற்சியை ஓத இழுப்பே பூட்டிவிடும், ஒரு முகம் எப்போதும் பகல், மறு முகம் எப்போதும் இரவு. அங்கே பெரிய நிலா நீண்ட காலம் தங்குவதும் கடினம், அதையும் ஓதமே கெடுத்துவிடும். நிலா கட்டாயம் என்று பிடிவாதம் பிடித்தால் அந்தக் கதவுகள் எல்லாவற்றையும் நாமே சாத்தியவர்கள் ஆவோம்.

2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். அது உயிரைக் காட்டாது, உயிருக்கு இடமுண்டா என்று மட்டும் பார்க்கும். அதுவரை என் மற்ற கண்ணும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

உன் பழைய ஓத அட்டவணைப் புத்தகம் ஏதாவது பெட்டியில் கிடந்தால் தபாலில் அனுப்பு. எந்தத் துறைமுகமாக இருந்தாலும் சரி. தாமதத்தை நீங்கள் எப்படிக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

உன்,
சுந்தரம்