டேட்டனிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். குளிர் விட்டுவிட்டது, பிள்ளைகளின் இருமலும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்னடா செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். சிரிக்காதீர்கள், உட்லண்ட் கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறேன், இங்கே அது பூங்கா மாதிரிதான். ரைட் சகோதரர்களைப் புதைத்த இடம். கிளெமென்ட் வல்லாண்டிகம் என்று ஒருவரும் அங்கே இருக்கிறார், யார் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டதில் அரைநாள் போய்விட்டது.

அடிமைமுறையை ஒட்டி வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், டேட்டன் இருக்கிற இந்த ஒஹாயோ மாநிலம் வடக்குப் பக்கம். ஆனால் 1863-இல் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெற்குப் படையைவிடப் பக்கத்து வீட்டுக்காரன் மேல்தான் சந்தேகம். போரை நிறுத்திப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குக் காப்பர்ஹெட் என்று ஒரு விஷப்பாம்பின் பெயரை வைத்தார்கள். அவர்களின் பெரிய தலை இந்த வல்லாண்டிகம். மே 5, விடிவதற்கு முன்பே ராணுவம் இங்கே அவர் வீட்டுக் கதவை உடைத்துப் பிடித்துப் போக, அவருடைய ஆட்கள் குடியரசுக் கட்சிப் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். லிங்கன் அவரைச் சிறையில் வைக்காமல் தெற்குக்கே அனுப்பிவிட்டார். மனுஷன் அங்கிருந்து கனடா போய், அங்கே இருந்துகொண்டே ஒஹாயோ ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார்!

அப்புறம் கட்டாய ஆள்சேர்ப்பு. அந்த மார்ச்சில் சட்டம் வந்தது, 20 முதல் 45 வயது ஆண்களின் பெயரை எழுத வீடுவீடாக வந்தார்கள். 300 டாலர் கட்டினால் போக வேண்டாம், கூலிக்காரனுக்கு அது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். இதே ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில் விவசாயிகள் பெயர் எழுத வந்தவரைக் கல்லால் அடித்தார்கள், கைதானவர்களை மீட்டார்கள், துப்பாக்கியோடு திரண்டும் நின்றார்கள். ஜூனில் 400-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது.

பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த வீட்டில் இதைக் கேட்டால் வயிறு எரியத்தானே செய்யும்? ஆனாலும் அந்த 300 டாலர் கணக்கைக் கேட்ட பிறகு, போக மறுத்தவனையெல்லாம் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக அவர்களை நல்லவர்கள் என்றும் சொல்லமாட்டேன், கறுப்பின மக்களின் விடுதலைக்கு நாங்கள் ஏன் சாக வேண்டும் என்று கேட்டவர்கள் அதில் நிறையப் பேர்.

உங்கள் முன்னோர் எந்தப் பக்கம் என்று பெரியவரிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிடுங்கள், பணம் அடுத்த வாரம் அனுப்புகிறேன். அண்ணிக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி