கொல்கத்தாவில் ஒரு பல்லாவரத்துக் கல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நேரில் வர முடியாததுதான் வருத்தம். மகனுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்ததிலிருந்து நாங்களும் அவனோடு இங்கே தங்கியிருக்கிறோம்.

"வெள்ளைக்காரன் கட்டிவைத்ததைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். நானும் அதையே யோசித்துக்கொண்டு சுற்றினேன்.

ஆளுநர் மாளிகைக்கு அருகே செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1787இல் கட்டி முடித்தது. அதன் தோட்டத்தில் எண்கோண வடிவில் ஒரு சமாதி மண்டபம். கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட் ஜாப் சார்னாக் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1690 ஆகஸ்டில் ஹூக்ளி ஆற்றங்கரையில் வந்து இறங்கியவர், இந்த நகரத்தை நிறுவியவர் என்று வெகுகாலம் சொல்லப்பட்டவர். அவர் கல்லறைமேல் லத்தீன் எழுத்து பொறித்த கருங்கல் பலகை இருக்கிறது பார், அது நம் பல்லாவரத்துக் கல்! இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையை ஆராய்ந்தபோது, இந்தக் கல்லறைக் கல்லும் அதே வகை என்று கண்டு அந்தப் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். சின்ன வயதில் நாம் ஏறிச் சறுக்கிய பாறை அதுதான். அதே பல்லாவரத்தில்தான் 1863இல் நிலவியலாளர் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யாராவது நமக்குச் சொன்னார்களா? அந்த மண்டபத்தில் ரொம்ப நேரம் நின்றேன்.

அங்கேயே இன்னொரு கல்லும் இருக்கிறது. வில்லியம் ஹாமில்டன் என்ற கம்பெனி மருத்துவருடையது. டில்லிக்குப் போய் முகலாய மன்னர் ஃபரூக்‌சியாரின் நோயைத் தீர்த்தவர். அப்போது அங்கே போயிருந்த கம்பெனித் தூதுக்குழுவுக்கு 1717இல் கிடைத்த ஃபர்மான்படி, அதாவது அரச ஆணைப்படி, ஆண்டுக்கு 3,000 ரூபாய் கட்டினால் போதும், வங்காளத்தில் சுங்கமில்லாமல் வியாபாரம் செய்யலாம். அந்தச் சலுகையைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் இழுத்துக்கொண்டதில் நவாப்களோடு ஓயாத தகராறு. அது 1757இல் பிளாசிப் போர் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

தோட்டத்தின் மறுபக்கம் ஹால்வெல் நினைவுத் தூண். 1756இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கம்பெனியின் கோட்டையைப் பிடித்தபோது 146 பேரை ஒரு சிறு அறையில் அடைத்ததாகவும் 123 பேர் செத்ததாகவும் கம்பெனி அதிகாரி ஹால்வெல் எழுதினார். அந்தக் கணக்கைப் பல வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. வைஸ்ராய் கர்சன் பிரபு அந்தச் சாவுகளின் நினைவாக நகரத்தின் நடுவே பளிங்குத் தூண் வைத்தார். 1940இல் சுபாஷ் சந்திர போஸ் அதை அகற்றப் போராட்டம் அறிவித்துச் சிறைக்குப் போனார். அரசு தூணைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்தது. நம் மவுண்ட் ரோட்டில் நின்ற ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலை, போராட்டத்துக்குப் பிறகு அருங்காட்சியகத்துக்குப் போன கதை உனக்கு ஞாபகம் வரும். எனக்கும் உடனே அதுதான் தோன்றியது.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இங்கேதான். இந்த ஊர்க்காரர்கள் இவற்றை வெள்ளைக்காரன் பெருமைக்காக வைத்திருக்கவில்லை. அவன் சொன்ன கதையைக் கீழே இறக்கிவிட்டு, அதற்கான சாட்சியத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உடைத்துப் போட்டிருந்தால் யார் என்ன பொய் சொன்னார்கள் என்று பேரனுக்கு எதைக் காட்டுவது? சார்னாக் விஷயத்திலும் அப்படித்தான். சபர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் வழக்குப் போட்டு, அவரை நகரத்தின் நிறுவனராகக் கொள்ளக்கூடாது என்று 2003இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கினார்கள். 1698இல் இந்த நகரம் உருவான மூன்று கிராமங்களின் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததே அவர்கள் முன்னோர்தான். ஆனாலும் கல்லறையில் யாரும் கை வைக்கவில்லை.

அப்புறம் டல்ஹௌசி சதுக்கம். இப்போது அது பி.பி.டி. பாக். பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்களின் பெயர். 1930 டிசம்பர் 8 அன்று எதிரிலிருக்கும் ரைட்டர்ஸ் பில்டிங் என்ற அரசுத் தலைமைச் செயலகத்துக்குள் புகுந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டார்கள். அரசியல் கைதிகளைச் சித்திரவதை செய்ததற்காகப் பேர் வாங்கியவர் அவர். பாதல் அங்கேயே விஷம் தின்றார். பினய் சில நாளில் இறந்தார். தினேஷை அடுத்த ஆண்டு தூக்கிலிட்டார்கள். மூவரில் மூத்தவருக்கே 22 வயதுதான். அந்தச் சிவப்புக் கட்டடத்தின் எதிரில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம், ஹவுரா பாலம், விக்டோரியா மண்டபம் எல்லாம் பார்த்தாயிற்று. படம் பார்த்தே உனக்குத் தெரியும், எழுதவில்லை. டிராமில் மட்டும் ஏறாமல் விடக்கூடாது. 1953இல் நம் சென்னை இழந்ததை இந்த ஊர் இத்தனை காலம் வைத்திருந்தது. பெரும்பாலான தடங்களை மூடிவிட்டார்கள் என்பது வேதனை.

கால் தேறியதும் டிசம்பர், ஜனவரியில் கிளம்பி வா. வெயில் இராது, நடக்கச் சுகமாக இருக்கும். கோரமண்டலில் கீழ்ப்படுக்கை கிடைக்கும்படி முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடு, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பல்லாவரம் மலையில் இப்போது எவ்வளவு பாறை மிச்சமிருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்