துப்பாக்கி சுடும் சங்கம், தோட்டா மறுநிரப்புப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களே, சுடுதிடல் அலுவலர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர், சுடுவதோடு நிற்காமல் சட்டப்படி உரிய அனுமதியோடு வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளவும் விரும்புகிறார்கள். அதனால் போட்டி முடிவுகள், திடல் பராமரிப்பு போன்றவற்றை இணைப்பில் கொடுத்துவிட்டு, இந்த அறிக்கையின் பெரும்பகுதியை வீட்டு மேசையில் நடக்கும் அந்த வேலைக்கே ஒதுக்கியிருக்கிறேன். இந்த ஆண்டு நம் திடலில் நடந்த ஒரு சம்பவமும் அதற்குக் காரணம். புதியவர்களுக்காக ஒரு வரி: சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில், அதாவது கேஸில், தீமூட்டும் பிரைமரையும், பவுடர் என்று நாம் சொல்லும் வெடிமருந்தையும், வாயில் குண்டையும் புதிதாக வைப்பதுதான் மறுநிரப்பு.

சம்பந்தப்பட்ட உறுப்பினரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இதைக் கட்டாயம் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அவரேதான். தானே நிரப்பிய தோட்டாக்களை .38 ஸ்பெஷல் ரிவால்வரில் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு தோட்டாவுக்கு வழக்கமான சத்தம் வரவில்லை. 'டப்' என்று அடங்கிய ஒலி, கையில் உதைப்பே இல்லை, இலக்குத் தாளில் புதுத் துளையும் இல்லை. அவர் மறுபடி விசையை இழுப்பதற்குள் திடல் அலுவலர், "நிறுத்துங்க! விரலை வெளிய எடுங்க!" என்று கத்திவிட்டார்.

"பவுடர் கொஞ்சம் கம்மியா விழுந்திருக்கும் சார், அடுத்தது சரியாப் போயிடும்."

"வேண்டாண்ணே. இலக்குப் பக்கமே பிடிச்சிருங்க. அப்புறமா காலி பண்ணிக் குழாயைப் பார்த்துடலாம்."

குழாயின் முனையை இலக்குப் பக்கமே வைத்தபடி முப்பது விநாடிக்கு மேல் காத்திருந்தார்கள். எரியத் தாமதமாகும் தோட்டாவாக இருந்தால் அதற்குள் வெடித்திருக்கும். பிறகு சிலிண்டரைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை, 'டக்' என்று முட்டி நின்றது. குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கியிருந்தது. அந்தக் கேஸில் பவுடர் விழவே இல்லை. பிரைமரின் வேகம் மட்டுமே குண்டைக் கேஸிலிருந்து கழற்றிக் குழாய்க்குள் தள்ளியிருக்கிறது. அதற்குப் பின்னால் நல்ல தோட்டா ஒன்று போயிருந்தால் குழாய் வீங்கியிருக்கும், இல்லாவிட்டால் பிளந்திருக்கும். கத்திய அலுவலருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த அவையில் அதைப் பதிவு செய்கிறேன்.

சரி, பவுடர் ஏன் விழவில்லை? அவருடைய வீட்டுக்கே போய் மேசையைப் பார்த்தோம். அவரிடம் இருக்கும் நிரப்பும் கருவி, சுழல் தட்டைக் கையால் சுற்றும் வகைப் பிரஸ். ஒரு நிலையில் பழைய பிரைமர் கழலும், அடுத்ததில் பவுடர் விழும், அதற்கடுத்ததில் குண்டு பொருந்தும். தட்டை ஒரு தடவை சுற்ற வேண்டும், கைப்பிடியை ஒரு தடவை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நடுவில் கைபேசி அடித்திருக்கிறது, எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்ததும், 'சுற்றினோமா, இல்லையா?' என்று ஒரு சந்தேகம். இல்லை என்று நினைத்துச் சுற்றிவிட்டார். உண்மையில் ஏற்கெனவே சுற்றியிருந்தது. ஒரு கேஸ் பவுடர் நிலையைத் தாண்டிக் காலியாகவே போய்விட்டது.

இதில் நடுங்க வைக்கும் விஷயம் வேறு. அதே சந்தேகத்துக்கு வேறொரு நாள் அவர் மறுபக்கமாக விடை கண்டிருக்கலாம். சுற்றிவிட்டோம் என்று நினைத்துச் சுற்றாமலேயே கைப்பிடியை இழுத்திருந்தால், ஒரே கேஸில் இரண்டு தடவை பவுடர் விழுந்திருக்கும். .38 ஸ்பெஷலில் அது வெளியே தெரியவும் தெரியாது. 1898-ல் அந்தத் தோட்டாவை வடிவமைத்தபோது உள்ளே போனது கரும்பொடி. இடத்தை அடைத்துக்கொள்ளும் பொடி அது, அதற்காகவே கேஸை அத்தனை நீளமாக வைத்தார்கள். இன்று நாம் போடும் புகையற்ற பவுடர் பல நேரம் நான்கைந்து கிரெயின்தான். நான்கு கிரெயின் என்றால் ஏறத்தாழ கால் கிராம். அது கேஸின் அடியில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே எல்லாம் காலியிடம். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, குண்டும் சாதாரணமாகவே பொருந்திவிடும். ஆனால் பவுடர் இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தரப்படி உச்ச வரம்பே சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு (பி.எஸ்.ஐ.) தான்.

இதை விவாதித்த செயற்குழுவில் முதலில் எழுந்த யோசனை, 'இனி எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம் என்பது. நான் அதை எதிர்த்தேன். கவனமாக இல்லாதவர் யார்? அந்த உறுப்பினர் நம்மில் மிக நிதானமானவர். ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்யும் வேலை இது. கை பழகியதும் மனம் வேறெங்கோ போய்விடும், அது மனித இயல்பு. அனுபவம் கூடக்கூடக் கை இன்னும் தானாகவே ஓடும் என்பதால் மூத்தவர்களுக்கு ஆபத்து குறைவு என்றும் சொல்ல முடியாது. ஆகவே கவனம் சிதறும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, சிதறிய அந்த நிமிடத்தில் நடந்த தவறு கேஸின் வாயைக் குண்டு அடைப்பதற்கு முன்பே கண்ணில் படும்படி மேசையையும் வேலையையும் அமைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு பிரிவு செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

விமானத் துறை இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. 1974-ல் அமெரிக்காவின் சார்லட் நகருக்கருகே ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 212-ஆம் விமானம் தரையிறங்கும்போது விழுந்தது. இறங்கும் நேரத்தில் விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது விசாரணையில் தெரியவந்தது. 1981-ல் அந்நாட்டில் ஒரு விதி வந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே, விமானி அறையில் பறப்பதற்கு அவசியமில்லாத எந்தப் பேச்சும் வேலையும் கூடாது. நம் பிரிவும் அதைப் பின்பற்றி ஒரு விதியை ஏற்றது: கைப்பிடியில் கை இருக்கும்வரை யாரும் பேசுவதில்லை, யாரும் கூப்பிடுவதில்லை. கைபேசி வேறு அறையில் இருக்கும். வீட்டில் உள்ளவர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னோம். ஒரு உறுப்பினரின் மகள் கதவில் தொங்கவிட ஒரு அட்டை செய்து கொடுத்திருக்கிறாள். அட்டை தொங்கினால் தட்டக்கூடாது. அதன்பின் அப்பா எரிந்து விழுவதும் நின்றுவிட்டதாம்.

பாட்டுக் கேட்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மெல்லிய இசை மனத்தை ஒரு இடத்தில் நிறுத்துகிறது என்றார்கள் சிலர். விதியில் அதைச் சேர்க்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், அதுவும் வேண்டாம். பிரைமர் பொருந்தும்போதும் குண்டு இறங்கும்போதும் கைக்கு ஒரு தடை தெரியும், காதுக்கு ஒரு ஒலி கேட்கும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் முதலில் தகவல் சொல்வது அவைதான்.

கதவை எவ்வளவு பூட்டினாலும் இடையூறு வரத்தான் செய்யும். அப்போது என்ன செய்வது என்பதுதான் இரண்டாவது விதி. எந்தக் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டி வந்தாலே, தட்டில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பவுடரை அதன் டப்பாவிலேயே கொட்டிவிட்டு, கேஸ்களைத் தனியே வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நினைவை நம்பிப் பதில் தேடக்கூடாது. சில நிமிடங்களும் ஓரிரண்டு பிரைமரும் வீணாகலாம், பரவாயில்லை. பிரஸ் ஓடாமல் சிக்கிக்கொண்டு தட்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டி வரும்போதும் இதே விதிதான். இரட்டைப் பவுடருக்கு வழிவிடுவது பெரும்பாலும் அந்த மாதிரி நேரம்தான்.

ஒரு நேரத்தில் ஒரே வேலையை மட்டும் செய்யும் ஒரு நிலைப் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு வசதி இருக்கிறது, அதைப் பயிற்சி முகாமில் செய்து காட்டினோம். ஐம்பது துளைப் பலகையில் பிரைமர் போட்ட கேஸ்களை வாய் கீழாகக் கவிழ்த்து வைப்பது. ஒன்றை எடுத்து, பவுடர் போட்டு, வாய் மேலாக வைப்பது. இடையில் எழுந்து போய் வந்தாலும் எது முடிந்தது, எது முடியவில்லை என்று பலகையே சொல்லிவிடும். ஐம்பதும் முடிந்தபின், ஒரு குண்டுகூடப் பொருத்துவதற்கு முன், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு வாய்க்குள்ளும் பார்க்க வேண்டும். முகாமில் வேண்டுமென்றே ஒரு கேஸைக் காலியாகவும் ஒன்றை இரட்டை அளவோடும் கலந்து வைத்திருந்தோம். வெளிச்சம் பட்டதும் வரிசையாக ஒரே உயரத்தில் சாம்பல் நிறத் துகள்கள், நடுவே ஒன்றில் மட்டும் பித்தளை அடியும் சின்ன ஓட்டையும் பளிச்சென்று தெரிந்தன. அதைக் கண்டுபிடிக்க யாரும் சிரமப்படவில்லை. இரட்டை அளவைத்தான் இரண்டு பேர் முதல் பார்வையில் தவறவிட்டார்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது, பலகையைத் திருப்பி வைத்து மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தது அதனால்தான்.

ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். கண், கை, வாய், காது நான்கும் ஒரே பொருளில் நிற்பதால் மனம் நழுவ இடமிருக்காது. சில உறுப்பினர்கள் இதைத் தங்கள் மேசையில் கடைப்பிடிக்கிறார்கள். "பவுடர் இருக்கு, குண்டு வைக்கிறேன்." தனியாக உட்கார்ந்து பேசக் கூச்சமாக இருக்கலாம். செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு நல்ல யோசனையும் வந்தது. பிரசுரிக்கப்பட்ட அட்டவணையில் ஒரே தோட்டாவுக்குப் பல பவுடர்கள் இருக்கும். அவற்றில் இரட்டையாகப் போட்டால் கேஸைவிட்டு வழியும் பருத்த வகையைத் தேர்ந்தெடுத்தால், தவறு தானே மேசைமேல் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

தராசுப் பயிற்சி ஒரு மாலையில் முடிந்தது. சோதனை எடைக்கல்லை வைத்து ஒவ்வொருவர் தராசையும் பார்த்தோம். மின்விசிறிக் காற்றில் ஒரு மின்னணுத் தராசு வைக்கும்போதெல்லாம் வேறு எடை காட்டியது, விசிறியை நிறுத்தியதும் நிலைத்தது. வேலை தொடங்கும்போதும் நடுவிலும் எடைக்கல்லால் சரிபார்ப்பது இனி வழக்கமாகட்டும்.

பவுடர் விஷயத்தில் விதி ஒன்றே: மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா. பல பவுடர்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், எரியும் வேகமோ வெவ்வேறு. வேலை முடிந்ததும் பிரஸ்ஸின் குடுவையில் மிஞ்சியதை அன்றே அதன் டப்பாவுக்குத் திருப்பிவிட வேண்டும். குடுவையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. வாய்வழியாகக் கேட்ட அளவுகளும் வேண்டாம். அச்சிட்ட அட்டவணையின் உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழிருந்து தொடங்குவதும், பிரைமரோ குண்டோ மாறினால் மறுபடி கீழிருந்து வருவதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

பழைய இருப்பைச் சோதித்தபோது ஒரு டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் காரநெடி, உள்ளே துருநிறத் தூசி. பவுடர் கெட்டுப்போனதன் அடையாளம் அது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். தீயணைப்புத் துறையின் ஆலோசனையைக் கேட்டு அகற்றினோம். பிரைமர்களை ஒருபோதும் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். தொழிற்சாலைப் பெட்டி ஒவ்வொன்றையும் பிரித்து வைத்திருப்பது அதற்காகத்தான். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதில் இன்னும் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள் என்பது எனக்குக் கவலை.

ஈயத்தைப் பற்றிப் பேசிய கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு, வராதவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கமான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கேஸ்களை உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசியில் அது தங்கிவிடும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லும்படியான ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தூசியை வீட்டுக்குள் சலிக்காதீர்கள். தண்ணீரில் உருட்டும் முறைக்கு மாறினால் தூசியே எழாது. மேசையில் சாப்பிடக்கூடாது, எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்தச் சட்டையோடு பிள்ளைகளைத் தூக்கக்கூடாது.

களைப்பைப் பற்றி உறுப்பினர்களிடம் பேசியதில் ஒன்று தெரிந்தது. போட்டிக்கு முந்தைய இரவு, 'இன்னும் ஒரு பெட்டி முடித்துவிட்டுப் படுக்கலாம்' என்று உட்காருகிறவர்கள் பலர். போட்டி அறிவிப்பை இனி முன்கூட்டியே அனுப்பினால் அந்த அவசரம் குறையும் என்று நம்புகிறோம்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுவிட்டது, பொருளாளர் தாக்கல் செய்வார். முகாமுக்குத் தன் கருவிகளைத் தந்த மூத்த உறுப்பினர்களுக்கும், தன் பெயரில்லாமல் தன் அனுபவத்தைத் தந்த உறுப்பினருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஒவ்வொரு சுடுதடத்திலும் ஒரு பித்தளைக் கம்பி நிரந்தரமாக இருக்க வேண்டும். மெல்லிய ஒலி கேட்டால் அலுவலர் மட்டுமல்ல, பக்கத்துத் தடத்தில் நிற்பவரும் 'நிறுத்து' என்று குரல் கொடுக்க அதிகாரம் வேண்டும், அதற்கு ஒத்திகையும் வேண்டும். மூன்றாவது, தேதி, கேஸ், பிரைமர், பவுடரின் பெயரும் எடையும், குண்டு, தோட்டாவின் மொத்த நீளம் ஆகியவை எழுதிய சீட்டு ஒட்டாத பெட்டியைத் திடலுக்குள் அனுமதிக்கக்கூடாது. மூன்றாவது கோரிக்கைக்குச் சிலர் முணுமுணுப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு தோட்டாவில் கோளாறு தெரிந்தால் அதே நாளில் நிரப்பிய மற்றவற்றைத் தேடிப்பிடித்துப் பிரித்துவிட அந்தச் சீட்டைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த அறிக்கையையும் கோரிக்கைகளையும் விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்