நின்ற பைக் சாய்ந்தால் பணம் யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் லாங்கு பஜாரிலோ சுண்ணாம்புக்காரத் தெருவிலோ நிறுத்தியிருந்த பைக் ஒன்று பக்கத்துக் காரின் மேல் சாய்ந்து கதவு நசுங்கினால், கூடுகிற கூட்டம் உடனே இரண்டு தீர்ப்பு சொல்லிவிடும். “வண்டி ஓடவே இல்லியே, இன்ஷூரன்ஸ் எப்படி வரும்?” என்பது ஒன்று. “தேர்டு பார்ட்டி (பிறருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) இருக்குல்ல, கம்பெனி குடுத்துடுவான்” என்பது மற்றது. இரண்டுமே தவறு.

முதல் தவறுக்கு 1991-லேயே பதில் வந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் “வாகனம் ஓடும்போது” என்று சொல்லவில்லை. “வாகனத்தின் பயன்பாட்டால்” விளைந்த விபத்து என்றுதான் சொல்கிறது. 1987 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் லாரியோடு மோதிக் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர், சில மணி நேரம் கழித்து வெடித்தது. அசையாமல் கிடந்த வண்டி பயன்பாட்டில் இருந்ததாகுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகும் என்றது நீதிமன்றம். ஆகவே நின்ற வண்டி என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கம்பெனி கையை விரிக்க முடியாது.

இரண்டாவது தவறுதான் நம் ஊரில் அதிகம். பொருள் சேதத்துக்கு நஷ்ட ஈடு வேண்டுமென்றால் பைக்காரரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். இவ்விஷயத்தில் சைடு ஸ்டாண்டு ஒரு பெரிய சாட்சி. அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர்த் தார்ச்சாலை இளகிவிடும். ஸ்டாண்டின் அடிப்பாகம் இரண்டு மூன்று விரல் அகலம்தான்; நூறு கிலோவுக்கு மேலான வண்டியின் பாரத்தில் ஒரு பகுதி அதன் மேல் இறங்கும்போது மெல்ல மெல்லத் தாரில் புதையும். காலையில் நேராக நின்ற வண்டி மதியம் இடப்பக்கம் படுத்திருக்கும். சரிவில் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினாலும் இதே கதை: வண்டி முன்னால் ஓர் அங்குலம் நகர்ந்தாலே ஸ்டாண்டு பின்னால் மடங்கிக்கொள்ளும். மேட்டைப் பார்த்து, முதல் கியரில், ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். இளகிய தாரிலும் மழை மண்ணிலும் சென்டர் ஸ்டாண்டுதான் சரி. அது இல்லாத வண்டி என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லோ பலகைத் துண்டோ போதும். ஸ்பிரிங் தளர்ந்த ஸ்டாண்டோடு ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒழுங்காக நிறுத்திய வண்டியை வேறொருவர் இடித்துச் சாய்த்திருந்தால் பைக்காரர் பொறுப்பல்ல. அவருடைய கம்பெனியும் தராது. வரிசையாக நிற்கும் பத்து வண்டி சீட்டுக்கட்டு போலச் சரிந்தால், கடைசியில் காரின் மேல் விழுந்த வண்டியின் சொந்தக்காரரைப் பிடித்துக்கொள்வது வழக்கம். கேட்க வேண்டியது முதல் வண்டியைத் தள்ளியவரை. ஆளே தெரியவில்லை என்றால் கார்க்காரர் தன் பேக்கேஜ் பாலிசியில்தான் (சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்த பாலிசி) போக வேண்டும். கட்டண ஸ்டாண்டில் கணக்கு வேறு. காட்பாடி ரயில் நிலையம் போன்ற இடங்களில் இடம் பண்ணுவதற்காக ஹேண்டில் லாக் போடாதே என்பார்கள். வண்டியை நகர்த்துவது ஸ்டாண்டு ஆட்கள். காசு வாங்கிப் பொறுப்பில் வைத்துக்கொண்டவர், தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1872 ஒப்பந்தச் சட்டம். அந்தக் கவனத்தோடு நடந்துகொண்டதை அவர் காட்ட வேண்டும். டோக்கனில் “நிர்வாகம் பொறுப்பல்ல” என்று அச்சடித்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது.

சேதம் ஆனதும் கைதான் முதலில் வண்டியைத் தூக்கப் போகும். அதற்கு முன் போட்டோ எடுங்கள்: ஸ்டாண்டு புதைந்த குழி, வண்டி சாய்ந்த கோணம், காரில் பட்ட இடம், இரண்டு நம்பர் பிளேட். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனி, பாலிசி எதுவரை என்று வந்துவிடும். காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். பைக்காரர் தன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை காரை டிங்கரிங்குக்கு விடக் கூடாது. பழுதுபார்த்த கதவை வைத்து யாரும் சேதம் அளக்க முடியாது.

இங்கேதான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். “தப்பு என்னுதுதான், முழுசா குடுத்துடறேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கம்பெனிக்குப் போனால் கிடைக்காது. கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. சின்னக் கீறல் என்றால் கையிலிருந்து கொடுத்து முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிறகு கிளைம் நினைப்பை விட்டுவிட வேண்டும். பேச்சு முடியாவிட்டால் கார்க்காரர் போக வேண்டிய இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வேலூர்க்காரர்களுக்குச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம். கெடு 6 மாதம்.

தேர்டு பார்ட்டி கிளைம் போனால் நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்ற பயம் வீண். அந்தச் சலுகை சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும் உரியது. தன் பாலிசியில் சரிசெய்துகொள்ளும் கார்க்காரருக்குத்தான் போனஸ் போகும். அவருடைய கம்பெனி பிறகு அந்தத் தொகையைக் கேட்டுப் பைக்காரரிடம் வரவும் உரிமை உண்டு.

பாலிசித் தாளில் ஒரு வரியைப் பாருங்கள். இருசக்கர வாகனத்துக்குப் பிறர் பொருள் சேத வரம்பு பொதுவாக 1 லட்சம் ரூபாய். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளும் வழி உண்டு. இன்றைய காரின் ஒரு ஹெட்லைட்டுக்கே 6,000 போதாது. மீதி சொந்தப் பணம். தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி பொது இடத்தில் நடப்பதற்கானது என்பதால், அடுக்குமாடி வாகனத் தளத்தில் சாய்ந்த வண்டிக்குத் தகராறு வரும். 2018 செப்டம்பருக்குப் பின் 5 ஆண்டு தேர்டு பார்ட்டியோடு புது வண்டி வாங்கியவர்களில் பலர், 5 ஆண்டு முடிந்ததையே மறந்திருக்கிறார்கள்.

கடைசியாகத் தீ. பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசியில் தூசி அடைத்தால் பெட்ரோல் வழிந்து சொட்டும். நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். மூடி வரை நிரப்பிய டேங்கை வெயிலில் வைத்தால் பெட்ரோல் விரிந்து கசியும். மின் ஸ்கூட்டரின் ஆபத்தை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் சின்ன அல்லாபுரத்தில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட தீயில் வாடகை வீடு எரிந்தால், “காப்பீடு செய்தவரின் பொறுப்பில் உள்ள சொத்துக்குப் பொருந்தாது” என்ற விலக்கு வாசகத்தை வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி எடுத்துக் காட்டக்கூடும். வீட்டுக்கும் சாமான்களுக்கும் தீக் காப்பீடு தனியாக எடுத்திருந்தால்தான் பணம் வரும்.

இப்படிக்கு,
மோட்டார் காப்பீட்டு சர்வேயர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.