மழைக்காலத்தில் தேனீக்குச் சீனி ஏன்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பல வருடமாக நம்மிடம் தேன் வாங்குகிற ஒரு அக்கா போன வாரம் ஃபோனில் சண்டைக்கே வந்துவிட்டார். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் ஒன்றில், எங்களுக்குத் தேன் தருகிற விவசாயி பெட்டிக்குள் சிரட்டை வைத்து அதில் சீனிப் பாகு ஊற்றுவதைப் பார்த்திருக்கிறார். "இதையா தேன்னு எங்களுக்குத் தாறீங்க?" என்றார். அவர் பார்த்தது உண்மைதான். நாங்கள்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனி, ஆடி மழையில் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் தோட்டத்தில் எடுக்க ஒன்றும் இருக்காது. அப்படியே விட்டால் கூட்டம் பட்டினியில் சாகும், இல்லாவிட்டால் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். அதனால் சீனியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து வைக்கிறார்கள். பாகில் விழுந்து சாகாமல் நின்று குடிக்க ஒரு ஈர்க்கிலும் போடுவார்கள். அப்போது பெட்டியில் இருப்பது ராணியும் குஞ்சுகளும் உள்ள கீழ்த்தட்டு மட்டுமே. நாம் தேன் எடுக்கிற மேல்தட்டை வைப்பது ரப்பர் தளிர்க்கும் காலத்தில்தான். அதற்கு முன்பே சீனியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாத ஆளிடம் நாங்கள் வாங்குவதில்லை.

இன்னொன்று: ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை! மார்கழி, தையில் இலை உதிர்ந்து செம்பு நிறத்தில் கொழுந்து வரும். மூன்று இலையும் சேருகிற காம்பு நுனியில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே ஊறுகிற இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. ரப்பர் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தத் தேனில் குளுக்கோஸ் அதிகம் என்பதால் சீக்கிரம் உறைந்து அடியில் குருணையாகத் தங்கும். அதைச் சீனி என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் வைக்க வேண்டாம். அப்புறம், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனையை நம்பாதீர்கள். கெட்டியான சீனிப் பாகும் அப்படியே அடியில் போய் உட்காரும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குச் சேனை வைக்க என்று கேட்டால் தர மாட்டோம். அந்த வயதில் தேனால் நஞ்சேறும் ஆபத்து இருக்கிறது. பாட்டிமார் கோபப்பட்டாலும் சரி.

1920களிலேயே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் நம் ஊராருக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. வளர்க்கிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. வாங்குகிறவர்களிடம்தான் யாரும் சொன்னதில்லை. அதனால் இந்த வருடத்திலிருந்து தேன் எடுத்த மாதத்தையும் தோட்டம் இருக்கிற ஊரையும் பாட்டிலில் எழுதுகிறோம். மாசியில் தேன் எடுக்கும்போது பார்க்க விரும்புகிறவர்கள் கடையில் பெயர் கொடுங்கள். அந்த அக்காதான் முதல் பெயர் கொடுத்திருக்கிறார். வரும்போது சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள், தேனீக்கு ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் தேன் கடை, மார்த்தாண்டம்