கிரஹாமுக்கு முன் கணக்குப்பதிவியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குச் சந்தையில் நுழைய விரும்புபவர்கள் படிக்க வேண்டிய நூல்கள் என்று ஞாயிறு இதழில் ஒரு பட்டியல் வந்திருந்தது. முதல் இடம் அமெரிக்க முதலீட்டாளர் பெஞ்சமின் கிரஹாம் 1949-இல் எழுதிய ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ நூலுக்கு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கும் முன்னால் படிக்க வேண்டியது நம் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடநூல். வணிகவியல் ஆசிரியராக இருந்தவர் வேறு என்ன சொல்வார் என்று நீங்கள் சிரிக்கலாம்.

கிரஹாமைப் படித்துவிட்டு என்னைத் தேடி வரும் பழைய மாணவர்கள் எட்டாம் அத்தியாயத்தை ஒப்பிப்பார்கள். தினமும் வாசலில் வந்து நம் பங்குக்கு ஒரு விலை சொல்லும் கற்பனை மனிதர் ‘மிஸ்டர் மார்க்கெட்’ அங்கேதான் வருகிறார். கதை என்பதால் மனத்தில் நின்றுவிடுகிறது. 1973 பதிப்பின் பதினான்காம் அத்தியாயத்தைக் கேட்டால் விழிக்கிறார்கள். தொழில் நிறுவனப் பங்கை எடைபோடும் விதிகள் இருப்பதோ அங்கே. நடப்புச் சொத்துகள் (ஓராண்டுக்குள் பணமாகக்கூடியவை) நடப்புப் பொறுப்புகளைப்போல் (ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டியவை) இரு மடங்காவது இருக்க வேண்டும். நீண்டகாலக் கடன், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான நடைமுறை மூலதனத்தை மிஞ்சக் கூடாது. பங்கின் விலை, ஒரு பங்குக்குக் கிடைத்த லாபத்தின் கடந்த மூன்றாண்டுச் சராசரியைப்போல் 15 மடங்கைத் தாண்டக் கூடாது. இதில் முதல் விதி, ‘விகிதப் பகுப்பாய்வு’ பாடத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே நடப்பு விகிதம், 2:1.

பதினெட்டாம் அத்தியாயத்தில் கிரஹாம் எட்டு ஜோடி நிறுவனங்களை அருகருகே வைத்து அலசுகிறார். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அதைப் பார்த்து, இரண்டு சிமெண்ட் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, “தனி நிதிநிலை அறிக்கையை எடுப்பதா, ஒருங்கிணைந்ததை எடுப்பதா சார்?” என்று கேட்டாள். தனி அறிக்கை அந்த நிறுவனத்தின் கணக்கை மட்டும் காட்டும்; துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டுவது ஒருங்கிணைந்த அறிக்கை. துணை நிறுவனங்களின் கடன் அதில்தான் தெரியும். அதையே எடுக்கச் சொன்னேன். அந்தக் கேள்வி வருவதற்குள் பிலிப் ஃபிஷர், பீட்டர் லிஞ்ச் என்று வேறு முதலீட்டு எழுத்தாளர்களின் நூலுக்குத் தாவுவதில் பயனில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் உங்கள் நாளிதழிலேயே தமிழில் விளம்பரமாக வருகின்றன. (அந்தத் தமிழ் சில இடங்களில் எனக்கே பிடிபடுவதில்லை.) வணிகப் பக்கத்தில் வாரம் ஒன்றை எடுத்து, நிகர லாபம், ஒரு பங்குக்கான வருவாய் என்று வரி வரியாக விளக்கி எழுதச் செய்யுங்கள். பட்டியலை அடுத்த ஆண்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (வணிகவியல்),
மன்னார்குடி