இரைப்பு நின்ற இரவு

யீஷூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. அண்ணனுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கோலூன்றி வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் குடும்பத்தோடு பொங்கோலுக்குக் குடிமாறிவிட்டான். வீடு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் நான்கைந்து முறை படித்தேன். பேத்திக்கு ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் இழுக்கச் சொல்லிக் கொடுத்த ஸ்டீராய்டு இன்ஹேலர் பம்பை மருமகள் அலமாரியில் வைத்துவிட்டாள். "பிள்ளை நன்றாகத்தானே ஓடி விளையாடுகிறாள், பழகிப்போனால் பிறகு விட முடியாதே" என்கிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். கமலா, உன் மருமகள் சொன்ன அதே வார்த்தைகளை நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் என்ன ஆனது என்று உனக்கு நான் முழுவதும் சொன்னதே இல்லை.

கடற்படைத் தளக் குடியிருப்பில் இருந்த காலத்தில் பாட்டி எனக்கு ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். 'ஈளை உடம்பு' என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு, மூச்சு முட்டும்போது மட்டும் இழுக்கும் நீல பம்ப் வந்தது. இரண்டு முறை அழுத்தினால் நெஞ்சு திறந்துகொள்ளும். அது போதும் என்று இருந்துவிட்டேன். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிப்போன தசையை மட்டும்தான் அந்த மருந்து தளர்த்துகிறது. உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கிறது என்று எனக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. நான் வழக்கமாகப் போன கிளினிக்கில், மூச்சு முட்டும்போதெல்லாம் ஐந்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் புது நீல பம்பும் கொடுத்து அனுப்புவார்கள். ஆண்டுக்கு எத்தனை பம்ப் தீர்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு நீல பம்பில் 200 அழுத்தம் இருக்கும். ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே எச்சரிக்கை என்பார்கள். எனக்கு மாதம் ஒன்று தீர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தாம் மாடியில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும். பாதிப் படியில் நின்று, சந்தைப் பையைத் தரையில் வைத்து, முருங்கைக்காயை எடுத்து அடுக்குவதுபோல் அடுக்குவேன். மூச்சு வாங்குகிறது என்று அக்கம்பக்கத்தார் நினைத்துவிடக் கூடாதே என்று. பிறகு லிஃப்டை மேம்படுத்தி எங்கள் மாடியிலும் நிற்கச் செய்தார்கள். அன்றிலிருந்து எனக்கு உடம்பு தேறிவிட்டது என்றே நம்பினேன். ஏற வேண்டிய படி இல்லாததால் தெரியாமல் போன நோய் அது. உன் மருமகள் 'நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்தப் படிதான் கண்முன் வந்தது.

காட்டுத்தீயால் வரும் புகைமூட்டத்துக்குத்தான் நான் அஞ்சிக்கொண்டிருந்தேன். 2013 ஜூன் 21 நண்பகலில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதே, அந்த வாரம் முழுவதும் சன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு உள்ளேயே கிடந்தேன். 2015 செப்டம்பரில் பள்ளிகளையே ஒருநாள் மூடியபோதும் அப்படித்தான். இரண்டு முறையும் தப்பித்தேன். வந்தது வேறு வழியாக. 2016 டிசம்பர், நல்ல மழைக்காலம், காற்று கழுவிவிட்டதுபோல் சுத்தம். பேரனுக்குச் சளி. அவனை மடியில் வைத்துக் கதை சொன்னேன். மூன்றாம் நாள் எனக்கும் மூக்கு ஒழுகியது.

அன்றிரவு மூன்று மணி இருக்கும். கட்டிலின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். நீல பம்பை நான்கு முறை, பிறகு இன்னும் நான்கு முறை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. "என்ன வேண்டும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "தண்ணீர்" என்றேன். "கொண்டுவாருங்கள்" என்ற அடுத்த சொல்லுக்கு மூச்சு இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சல் நின்றது. அப்பாடா, மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அவரிடம் கையால் சைகை காட்டினேன், போய்ப் படுங்கள் என்று. நல்ல வேளை, அவர் என் உதட்டைப் பார்த்தார். நிறம் மாறியிருந்தது. உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்தார்.

இரைச்சல் ஏன் நின்றது தெரியுமா? இரைவதற்குக்கூட உள்ளே காற்று போகவில்லை. ஆஸ்துமாவில் மிக மோசமான அடையாளமே அந்த மௌனம்தானாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்த பிறகு ஒரு இளம் டாக்டர் என் கட்டில் பக்கத்தில் அமர்ந்து இதைச் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை, கமலா. இரைப்பு நின்றும் பிள்ளை பேச முடியாமல், சோர்ந்து, விலாவும் கழுத்துக்குழியும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால், சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கணமே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நான் இந்த நோயை ஒழுங்காகக் கற்றேன். ஆஸ்துமா தாதி ஒருவர் என் பம்பை என் கையிலேயே கொடுத்து, "எப்போதும் போல் இழுத்துக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். நான் அழுத்திய பிறகுதான் மூச்சை இழுக்கிறேன். மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்கிறது, நுரையீரலுக்குப் போகவே இல்லை என்றார். பிறகு அவரே செய்து காட்டினார். பம்பைக் குலுக்கி ஸ்பேசர் குழலில் பொருத்தி, மூச்சை மெல்ல வெளியே விட்டு, உதட்டை இறுக்கி மூடி, ஒரே ஒருமுறை அழுத்தி, பூவை முகர்வதுபோல் நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்துவைக்க வேண்டும். தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு தடுப்பு பம்ப் என்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். அந்தத் தாதியின் பொறுமைக்கு நான் ஆயுள் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன்.

அவரே ஒரு பீக் ஃபுளோ மீட்டரும் கொடுத்தார். ஒரு முழங்கூட இல்லாத பிளாஸ்டிக் குழல். வேகமாக ஊதினால் முள் ஏறி ஓர் எண்ணில் நிற்கும். என்னுடைய சிறந்த அளவு 360. 290க்கு மேல் இருந்தால் பச்சை. 180க்குக் கீழே போனால் சிவப்பு, வீட்டில் உட்காரக் கூடாது. வீடு திரும்பிய இரண்டாம் மாதம் ஒருநாள் காலை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காப்பி குடித்துவிட்டு ஊதினேன். 205. கருவி பழுது என்று மூன்று முறை ஊதிப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் குறைந்த மூச்சிலேயே வாழ்ந்துவிட்ட உடம்புக்கு, குறைவு குறைவாகவே தோன்றுவதில்லை. அன்று முதல் நான் என் உணர்வைக் கேட்பதில்லை, முள்ளைத்தான் கேட்கிறேன்.

மருமகளின் பயத்தைத் தள்ளிவிடாதே. தாய் பயப்படத்தான் செய்வாள். இழுக்கும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, விழுங்கும் மாத்திரை மில்லிகிராம் கணக்கு என்று சொல். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீண்ட நாள் எடுக்கும் பிள்ளைகளுக்கு உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்பது உண்மை, அதை மறைக்காமல் சொல். எனக்கு மாத்திரை செய்ததையும் சொல்: எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது, முகம் உப்பியது. தடுப்பு பம்பை ஒதுக்கியதால்தான் நான் அத்தனை மாத்திரை விழுங்க நேர்ந்தது. 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டியே மாறியது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல பம்பை மட்டும் கொடுத்து அனுப்புவதை இனிப் பரிந்துரைப்பதில்லை. சின்னப் பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பதை அவளுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டர் சொன்னது அலமாரியில் இருக்கக் கூடாது.

என் நோய் கடுமையானது என்பதால் எனக்குப் பம்ப் மட்டும் போதவில்லை. ரத்தத்தில் இயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்கள் அதிகம் என்று கண்டு, அவற்றைக் குறைக்க நான்கு வாரத்துக்கு ஒருமுறை மெபோலிசுமாப் ஊசி போடுகிறார்கள். விலை கேட்டபோது இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மருத்துவச் சமூக ஊழியர் ஒருவர் உதவி கிடைக்க வழி செய்தார். ஊசி தொடங்கிய பிறகு ஒரே ஒருமுறைதான் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருக்கிறேன்.

வீட்டிலும் சில மாற்றங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை விட்டேன். அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணையைக் கொடுத்துவிட்டேன். தூசிப் பூச்சிக்கு இந்த ஊர் ஈரமும் பழைய பஞ்சும் சொர்க்கம். அதைக் கொடுத்த அன்று அழுதேன். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர்கள் முன்னோருக்காகக் காகிதம் எரிக்கும்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டி முன்கூட்டியே வந்து கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, தொட்டியைப் புளோக்கின் மறுகோடிக்கு எடுத்துப்போகச் சொல்வார். நான் எதுவும் கேட்டதில்லை, அவராகவே செய்கிறார்.

அடுத்த வாரம் தம்பி பஸ்ஸில் ஈப்போ வருகிறான். குழந்தைகளுக்கான பீக் ஃபுளோ மீட்டர் ஒன்றும் ஸ்பேசர் ஒன்றும் கொடுத்தனுப்புகிறேன். டாக்டரிடம் காட்டி, எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள். காலையிலும் இரவிலும் ஊதட்டும், நோட்டில் அவளே எழுதட்டும், அந்த நோட்டை மாதம் ஒருமுறை படம் எடுத்து எனக்கு அனுப்பு. பங்குனி உத்திரத்துக்கு அவளையும் அழைத்துக்கொண்டு வா. புனிதமரக் கோயிலில் இந்த ஆண்டு நான் பால்குடம் எடுக்கிறேன்.

இன்று காலை 320.

உன்
மல்லிகா